துடுப்புப் போட்டது யார்?

மோங்கு
11 மார்ச் 2003

அன்புள்ள லிசேலி அக்காவுக்கு,

நோசிகு எழுதுகிறேன். படகுக்கார முபிட்டா நேற்று உன் உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். உறை நனையவில்லை, அவன்தான் தொப்பலாக நனைந்திருந்தான். "உங்க அக்கா சட்டைக்குள்ள வச்சுக்கன்னு சொன்னா, வச்சுக்கிட்டேன், நான் நனைஞ்சா யாரு கேக்கப் போறா?" என்று அம்மாவிடம் புலம்பி, ஒரு கிண்ணம் புளித்த பால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனான்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மழையோடு வந்தது மழையோடு போகும் என்கிறாள். அப்பா என் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டு, வாசலில் நுழைந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு வேலை ஆயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். "பெரிய படிப்புக்குப் பெரிய வேலைதான் வரணும், கொஞ்சம் நாளாகும்" என்று அப்பா சொல்வார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். வெள்ள நிவாரண அலுவலகத்தில் இன்னமும் சம்பளமில்லாத உதவியாளர்தான். தேநீர் போடுகிறேன், தபால் பிரிக்கிறேன், யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன். யாரும் அதிகம் கேட்பதில்லை.

இனி உன் விஷயம். கலாபோ பக்கத்து மேடுகளுக்குத் தோணியில் போய்க் குடும்பங்களைப் பதிவுசெய்ய ஒரு ஆள் தேவை என்ற அறிவிப்பை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மரத்திலும் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். ஆமாம், எங்கள் அலுவலகம்தான். ஒரே ஒரு இடம்தான். நீ எழுதிய விண்ணப்பக் கடிதத்தையும் வைத்து அனுப்பி, "நீதான் பல்கலைக்கழகம் பாத்தவ, எங்கெங்க வெட்டணுமோ வெட்டிடு" என்று சொல்லியிருந்தாய்.

வெட்டியிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. வேலைக்கான கடிதத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. நீ நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எழுதுவது போல எழுதியிருந்தாய். "இதைப் படிக்கிறவர் யாரானாலும், மண்டியிட்டுக் கைதட்டுகிறேன். உங்கள் பக்கம் தண்ணீர் எப்படி?" என்று ஆரம்பித்திருந்தாய். அலுவலகத்தில் யாரும் யாரிடமும் தண்ணீர் எப்படி என்று கேட்பதில்லை, அக்கா. கைதட்டி வணக்கம் சொல்வதைக் காகிதத்தில் எழுதுவதும் வழக்கமில்லை. அதை எடுத்துவிட்டேன்.

பெரிய வெள்ளத்தில் நாம் தோணியில் போனதையும் எடுத்துவிட்டேன். விண்ணப்பத்தில் கதை சொல்லக் கூடாது. பெயர் சொல்ல மறுத்த அந்தக் கிழவரையும் அவர் நாயையும் படித்து நானே சிரித்துவிட்டேன். ஆனால் அதிகாரி சிரிக்க மாட்டார். அப்புறம் உன் கடிதம் முழுக்க "நாங்கள் போனோம்", "நாங்கள் எழுதினோம்" என்றிருந்தது. வேலை ஒருவருக்குத்தான், அதனால் "நாங்கள்" என்று வரக் கூடாது. நான் படித்தவள் என்று என்னைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாயே, அது எதற்கு? அதையும் நீக்கினேன்.

அறிவிப்பில் ஆங்கிலத்திலோ லோசியிலோ எழுதலாம் என்று இருப்பது உண்மைதான். இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தால் மரியாதை. ஆகவே ஆங்கிலத்தில் புதிதாகவே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நூலகத்தில் உள்ள மாதிரிக் கடிதப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது, பிழையே இருக்காது. சொந்தக் கையெழுத்தில் வேண்டும் என்பதால் நீ அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள். ஒரு சொல்லும் மாற்றாதே. 27ஆம் தேதி வியாழக்கிழமை எங்கள் அதிகாரி சிதாலி அம்மா கலாபோ துறைக்கே வந்து உங்கள் பக்கத்துக் கடிதங்களை நேரில் வாங்கிக்கொள்வார்.

உன் பழைய கடிதம் என்னிடமே இருக்கட்டும். இனி உனக்கு அது தேவைப்படாது.

என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். நிஜமாகவே முடிந்ததைத்தான் செய்திருக்கிறேன். செபீசோவின் பல் விழுந்துவிட்டதா? அவளுக்கு இந்தச் சித்தியின் முத்தம். உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் தங்கை,
நோசிகு


மோங்கு
19 மார்ச் 2003

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் புகை போட்ட மீனும் வந்து சேர்ந்தன. மீனை அம்மா அன்றே குழம்பு வைத்தாள். களியோடு எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பா என் பங்கையும் எடுத்துக்கொண்டு, "லிசேலி அனுப்பினா தனி ருசிதான்" என்று அவ்வளவு முள்ளையும் சப்பிப் போட்டார். எதற்காக மீன் அனுப்பினாய்? ஒரு கடிதத்தைத் திருத்தியதற்கா?

நீ எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். மை சிந்தாமல் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாயாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாயாம், அவர்கள் கைதட்டினார்களாம். "டைனமிக்" என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்க, "டைனமைட்டுக்குத் தங்கச்சியா இருக்கும், வெடிக்கும்னு நெனைக்கிறேன்" என்று சொன்னாயாம். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அடுத்த வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "அந்தக் கடுதாசியில இருக்குற பொம்பள யாருன்னு எனக்கே தெரியல நோசிகு, ஆனா நல்லா படிச்சவ மாதிரி இருக்கா, அவளுக்கே வேலை கெடைக்கட்டும்" என்று எழுதியிருந்தாய். நீ விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய்.

அலுவலகத்தில் வேலை அதிகம். மோங்கு பக்கத்துக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. சென்ற முறை காவலாளி வேலைக்கு வந்தவற்றை நான்தான் பிரித்து அடுக்கினேன். இந்த முறை சிதாலி அம்மா தானே பிரிக்கிறார். அவர் படிக்கும் விதமே தனி. உட்கார மாட்டார். நின்றபடியே முதல் இரண்டு வரி படிப்பார். பிடிக்காவிட்டால் காகிதம் மேஜைக்கடியில் இருக்கிற எண்ணெய் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். பிடித்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

முதும்பா என்று எங்கள் காவலாளி ஒருவர் இருக்கிறார், உனக்குத் தெரியாது. காவலாளி வேலைக்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்தன. எல்லாரும் கடின உழைப்பாளிகள், எல்லாரும் துடிப்பானவர்கள். அவர் மட்டும் லோசியில், கோணல் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: "எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. மனைவி போனதிலிருந்து இப்படித்தான். வீணாய்ப் போகிற விழிப்பு. உங்களுக்கு உபயோகப்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்." சிதாலி அம்மா அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "இவரக் கூப்புடு. மத்தவனெல்லாம் கடுமையா உழைப்பானாம். காவக்காரன் எதுக்குய்யா உழைக்கணும், முழிச்சிருந்தா போதாதா?" என்றார்.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உன் கடிதத்தில் ஒன்றிரண்டு இடங்கள் நீ பேசுகிற மாதிரியே இருந்தால் பெரிய தப்பில்லை என்று சொல்ல வந்தேன். வேண்டாம், இருக்கட்டும். நீ கஷ்டப்பட்டு மை சிந்தாமல் எழுதிவிட்டாய். அதை மறுபடி குலைக்க வேண்டாம்.

"நீயும் போட்டிருக்கியா? உங்க ஆபீசுதானே, உன்ன விட்டுட்டா எடுப்பாங்க?" என்று கடைசியில் கேட்டிருந்தாய். சென்ற கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. நானும் போட்டிருக்கிறேன். அப்பாவுக்காகத்தான். நேர்முகத் தேர்வில் எனக்கு வாய் திறக்காது என்று உனக்கே தெரியும். லுசாக்காவில் இரண்டு இடங்களில் என் பெயரைச் சொல்லவே தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. இங்கே என்னை ஏற்கெனவே தெரியும், பேச வேண்டியதில்லை, அவ்வளவுதான். என் கடிதத்தை நேற்று முன்தினம் கொடுத்தேன்.

அதைச் சிதாலி அம்மா உட்கார்ந்துதான் படித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்த சத்தமும் கேட்டது.

அன்றிரவு எனக்கும் முதும்பாவைப் போலத்தான்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று முபிட்டா சொன்னான். வாசல் மண்மேட்டை உயர்த்திக் கட்டிவிட்டாயா? செபீசோவைத் தனியாகத் தோணியில் விடாதே. உன்னைப் பற்றி நினைக்காத வேளை இல்லை.

உன் தங்கை,
நோசிகு


மோங்கு
24 மார்ச் 2003

என் அக்காவுக்கு,

இதை முபிட்டாவிடம் கொடுத்து, வேறெங்கும் நிற்காமல் நேரே உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். "அப்படி என்ன தல போற விஷயம்?" என்று கேட்டான். போகிறதுதான் என்றேன். வியாழக்கிழமைக்கு முன் உன்னிடம் வந்துசேர வேண்டும். நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படி.

நான் எழுதித் தந்த கடிதத்தைச் சிதாலி அம்மாவிடம் கொடுக்காதே.

இன்று காலை அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் என் கடிதம் விரித்து வைத்திருந்தது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தேன், அது பக்கத்து அறையில் கத்திக்கொண்டிருந்தது. "அது கத்தட்டும், நீ உக்காரு" என்றார்.

"நல்லா எழுதியிருக்க. வாயே தெறக்காத பொண்ணு இப்படி எழுதுவான்னு நான் நெனைக்கவே இல்ல. அந்த நாய் கதைக்கு நான் சிரிச்ச சிரிப்புல முதும்பா என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாரு" என்றார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "நீ சமவெளிப் பொண்ணுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நானும்தான். இங்க எழுதியிருக்கே, 'வெள்ளத்தில் நான் தோணியில் ஒவ்வொரு மேடாகச் சென்று, எந்த மேட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதினேன்'னு. ஒரு கையில நோட்டு. ஒரு கையில பென்சில். துடுப்பப் பல்லுல கடிச்சிக்கிட்டா இருந்த?"

எனக்கு வாய் வரவில்லை, அக்கா. லுசாக்காவில் வராதது கூச்சத்தால். இன்று வராததன் காரணம் வேறு. அவர் விடவில்லை. "லுசாக்காகாரன் எவனாவது படிச்சா இது தெரியாது. தண்ணி ஓடுற இடத்துல நின்னு துடுப்புப் போட்டவளுக்குத் தெரியாதா? துடுப்புப் போட்டது யாரு?" என்றார்.

"என் அக்கா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு, இங்க யாரும் தூங்கல" என்றார். என் அக்கா லிசேலி என்று மறுபடி சொன்னேன்.

"அவ எங்க இருக்கா?"

கலாபோ பக்கம் என்றேன். "இந்த வேலைக்குப் போட்டிருக்காளா?" போட்டிருக்கிறாள் என்றேன். அவர் என் கடிதத்தை மடித்தார். பெட்டியில் போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை, மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். "சரி. வியாழக்கிழமை நேர்லயே வாங்கிக்கிறேன். அவ இதப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பாப்போம். போ, கெட்டில எடு" என்றார்.

நீ அதைப் பற்றி ஒன்றுமே எழுதியிருக்க மாட்டாய். நான்தான் வெட்டிவிட்டேனே.

இப்போது புரிந்திருக்கும். நீ யாரையும் சட்டென்று தப்பாக நினைக்கிறவள் இல்லை, அதனால் நானே சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்று அதை அடுப்படியில் நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். சிதாலி அம்மாவும் இப்படித்தான் நாற்காலியை இழுப்பார் என்று அப்போதே தெரிந்தது. இது போய்ச் சேர்ந்தால் வேறு யாருக்கும் இடமில்லை என்பதும் தெரிந்தது. என் கடிதம் அதற்குமுன் மூன்று வகையாக எழுதிக் கிழிபட்டிருந்தது. என்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. படித்தேன், தேர்வு எழுதினேன், தேநீர் போடுகிறேன். என் வாழ்க்கையில் சொல்கிற மாதிரி நடந்தது அந்தத் தோணி ஒன்றுதான். அதை நீயும் எழுதியிருந்தாய்.

இரண்டு கடிதத்தில் ஒரே தோணி இருக்க முடியாது. ஆகவே உன்னுடையதிலிருந்து எடுத்தேன். "நாங்கள்" கூடாது என்று உனக்குச் சொல்லிவிட்டு, அதே "நாங்கள்" எல்லாவற்றையும் என் கடிதத்தில் "நான்" ஆக்கினேன். நாயையும் எடுத்துக்கொண்டேன். அதோடு விடவில்லை. சிதாலி அம்மாவின் எண்ணெய்ப் பெட்டிக்குள் போகிற கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். தேநீர் அடுப்பு மூட்ட அந்தப் பெட்டியிலிருந்துதான் நான் தினமும் காகிதம் எடுக்கிறேன். துடிப்பானவர்கள், கடின உழைப்பாளிகள், தங்கள் மேலான நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்குகொள்ள விழைகிறவர்கள், எல்லாரும் என் கையால் எரிந்திருக்கிறார்கள். அப்படி ஒன்றைத்தான் உனக்கு எழுதித் தந்தேன். பிழையில்லாமல் எழுதினேன். யார் பார்த்தாலும், தங்கை நன்றாகத்தான் திருத்தியிருக்கிறாள் என்பார்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு எழுத்துப்பிழையாவது விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்று சிதாலி அம்மா கேட்டிருக்காவிட்டால் இதை எழுதியிருப்பேனா? தெரியவில்லை. எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சென்ற வாரம் முதும்பாவின் கடிதத்தைப் பற்றி எழுதியபோது நெருங்கி வந்துவிட்டு ஓடிவிட்டேன், நீயே பார்த்தாய்.

உன் பழைய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் கோடு போட்ட இடங்களையெல்லாம் ரப்பரால் அழித்தேன். பென்சில்தான், போய்விட்டது, ஆனால் காகிதம் அங்கங்கே மெலிந்திருக்கிறது. நீ புதிய தாளில் லோசியிலேயே எழுது. கைதட்டல் இருக்கட்டும். தண்ணீர் எப்படி என்ற கேள்வியும் இருக்கட்டும். தோணி வருகிற இடத்தை மறுபடி படித்தபோது இங்கே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது:

"உதவிப் படகு மாவு மூட்டையோடு வந்து, யார் எங்கே என்று தெரியாமல் மூட்டையோடு திரும்பிப் போனது. அடுத்த நாள் நாங்கள் புறப்பட்டோம். நான் துடுப்புப் போட்டேன், என் தங்கை பெயர்களை எழுதினாள். ஒரு மேட்டில் ஒரு கிழவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். வெள்ளத்தில் பெயர் எழுதுவது செத்தவர்களுக்குத்தான் என்றார். அவரைக் கட்டாயப்படுத்த எங்களுக்கு மனமில்லை. அவர் நாயின் பெயரைக் கேட்டோம். பார்த்துக்கொள்வோம் என்றார். அதுதான் நாயின் பெயர். அப்படியே எழுதிக்கொண்டோம். பிறகு படகு வந்தபோது, பார்த்துக்கொள்வோம் என்ற பெயருக்கு ஒரு மூட்டை மாவு இறங்கியது. என் தங்கை கூச்சக்காரி, ஆனால் அவள் எழுதிய எந்தப் பெயரும் தப்பாகவில்லை. இப்போது அவள் பல்கலைக்கழகப் பட்டதாரி. அவளை வளர்த்ததும் என் அனுபவங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்."

உன் வேலைக்கான கடிதத்தில் என்னைப் புகழ்ந்திருக்கிறாய், அக்கா. அதைத்தான், "அது எதற்கு?" என்று கேட்டு நீக்கினேன்.

என் விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை. மத்தியானம் முழுக்க அதற்காகத்தான் சிதாலி அம்மாவின் கதவருகே நின்றேன். கதவைத் தட்டக் கை போனது, திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் முகமும் அந்தக் கண்ணாடிச் சட்டமும் நினைவுக்கு வந்தன. எனக்கும் வேலை வேண்டும். இதையும் உனக்குச் சொல்லாமல் விட்டால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவேன். ஆனால் சாயங்காலம் இன்னொரு கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீளமில்லை. "துடுப்புப் போட்டது என் அக்கா. மேட்டுக்காரர்களிடம் பேசியதும் அவள். நாயின் பெயரைக் கேட்கலாம் என்று சொன்னதும் அவள். நான் பெயர்களை எழுதினேன். எழுதுவேன்." அவர் நின்றபடியே படித்தார். பெட்டியிலும் போடவில்லை, உட்காரவும் இல்லை. "ம்" என்றார். நான் "ஷாங்வே" என்று மரியாதை சொல்லிக் குனிந்துவிட்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான். அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாது. எனக்கு இனி இந்த அலுவலகத்தில் தேநீர் போடுகிற வேலைகூட இருக்குமா என்றும் தெரியாது.

வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா நேற்றுகூட, "லிசேலிக்குக் கெடச்சா அவளுக்குத் துறைப் பக்கம் வீடு குடுப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உனக்குக் கெடச்சா" என்று அவள் ஆரம்பிக்கவே இல்லை. எனக்குக் கிடைக்காது என்பதால் அல்ல. உனக்கு வாசலில் தண்ணீர் நிற்கிறது, எனக்கு நிற்கவில்லை என்பதால்தான். அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வியாழக்கிழமை சிதாலி அம்மாவின் படகில் குறிப்பெடுக்க நானும் வருகிறேன். வேறு ஆளைக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால், மீன் காயப்போடுகிற பக்கமாக நின்றுகொள். சிதாலி அம்மா அங்கேயும் வருவார். நான் படகிலேயே இருந்துவிடுவேன். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பிடித்தால் படித்துறையில் நில். இறங்கியதும் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு உனக்குக் கைதட்டுவேன். நீ பதிலுக்குத் தட்ட வேண்டாம். எழுந்திரு என்றுகூடச் சொல்ல வேண்டாம். கடிதத்தை மட்டும் அவரிடம் கொடு. உன் கடிதத்தை. மை சிந்தியிருந்தாலும் பரவாயில்லை.

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். என்னிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை. நான் வெட்டிய உன் முதல் வரியையே எடுத்துக்கொள்கிறேன், இந்த முறை உன்னிடம் சொல்லிவிட்டு.

மண்டியிட்டுக் கைதட்டுகிறேன். உன் பக்கம் தண்ணீர் எப்படி, அக்கா?

நோசிகு